மலைச்சாலையில் கேம்பிங் டிரெய்லர்: மின் பிரேக் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் தாப்பா பட்டணத்திலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் கூட்டரசுச் சாலை, தானா ராத்தாவை அடைவதற்குள் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து செல்கிறது. செம்பனைத் தோட்டங்களை விட்டு விலகியதும் காடு தொடங்கிவிடும்; லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டிய பிறகு நேராகச் சாலை கிடைப்பது அரிது. எங்கள் பகுதியில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இன்று சொந்தமாகப் பிக்-அப் வாங்கி, அதன் பின்னால் ஒரு கேம்பிங் டிரெய்லரை மாட்டிக்கொண்டு பிள்ளைகளோடு மலைக்கும் குவாலா வோ ஆற்றோரத்துக்கும் புறப்படுகிற குடும்பங்கள் பெருகியுள்ளன. டிரெய்லரை எப்படி இழுப்பது என்று கேட்பவர்கள் பலர். அதை எப்படி நிறுத்துவது என்று கேட்பவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருக்காகவும், இன்னும் கேட்காதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது டிரெய்லரின் பிரேக்குக்கும் மின்சாரம் அனுப்புகிற, வண்டிக்குள் வைக்கும் பெட்டிதான் மின் பிரேக் கன்ட்ரோலர்.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பாவோ சமவெளியில் இருக்கிறது. 1,500 கிலோ எடையுள்ள டிரெய்லர் ஒன்று 1,300 மீட்டர் இறங்கும்போது அது வெளிவிடும் ஆற்றல் ஏறத்தாழ 19 மெகாஜூல். திருமண வீட்டு அண்டாவில் 60 லிட்டர் தண்ணீரை ஊற்றிக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு. இதில் ஒரு பகுதியைக் காற்றும் இன்ஜினும் ஏற்றுக்கொள்ளும். மீதம் முழுவதும் பிரேக்கில்தான் வெப்பமாக இறங்குகிறது. டிரெய்லருக்கு வேலை செய்கிற பிரேக் இல்லையென்றால், அந்த வெப்பத்தைப் பிக்-அப்பின் நான்கு சக்கரங்களும் தங்களுடைய சுமையோடு சேர்த்துச் சுமக்க வேண்டும். பாதி மலை இறங்கிய பிறகு மிதிகட்டை மெத்தென்று உள்ளே போவதும், எரிந்த லைனிங் (பிரேக்கின் உராய்வுப் பட்டை) வாடை கண்ணாடி மூடிய வண்டிக்குள்ளும் வருவதும் இதனால்தான்.

உங்கள் டிரெய்லரில் இருப்பது எந்தப் பிரேக்?

கன்ட்ரோலர் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், டிரெய்லரின் அடியில் குனிந்து பாருங்கள். ஐரோப்பிய முறையில் செய்யப்பட்ட கேரவன்களில் பெரும்பாலும் உந்துவிசைப் பிரேக் இருக்கும். டிரெய்லரின் மூக்கில், பிக்-அப்பின் இழுவைக் கொக்கியிலுள்ள உருண்டைக் குண்டைக் கவ்வும் பகுதிக்குப் பின்னால், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறையும் ஒரு கைப்பிடி நெம்புகோலும் இருந்தால் அது இந்த வகை. இழுக்கும் வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுதலே கம்பி வழியாகப் பிரேக்கை இயக்கும். இதற்கு மின் கன்ட்ரோலர் தேவையே இல்லை. தேவையில்லாத பெட்டியை வாங்கிவிட்டு, டிரெய்லர் பிரேக்குக்குப் போக வேண்டிய அதன் நீல வயரை எங்கே மாட்டுவது என்று தேடியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சக்கரத்தின் பின்பக்கத் தட்டிலிருந்து இரண்டு வயர்கள் வெளியே வந்தால், அது மின்காந்த டிரம் பிரேக். ஆஸ்திரேலிய, அமெரிக்க முறை டிரெய்லர்களில் இதுவே பரவலானது. நம் நாட்டில் செய்யப்படும் டிரெய்லர்களிலும் இதைப் பொருத்துகிறார்கள். அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகிவிடும். டிரம்முக்குள் ஒரு நெம்புகோலின் நுனியில் சிறிய மின்காந்தம் இருக்கிறது. கன்ட்ரோலர் மின்சாரம் அனுப்பியதும், அந்தக் காந்தம் சுழலும் டிரம்மின் உள்முகத்தைப் பற்றிக்கொண்டு அதனுடன் சேர்ந்து நகரப் பார்க்கிறது; அப்போது நெம்புகோல் சாய்ந்து, பிரேக் ஷூக்களை டிரம்மின் மீது அழுத்துகிறது. எவ்வளவு மின்னோட்டமோ அவ்வளவு பிடிப்பு. 10 அங்குல, 12 அங்குல டிரம்களில் ஒரு காந்தம் முழு அழுத்தத்தில் ஏறத்தாழ 3 ஆம்பியர் எடுக்கும். ஒற்றை அச்சு டிரெய்லருக்கு 6 ஆம்பியர், இரட்டை அச்சுக்கு 12 ஆம்பியர் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வயர் வாங்கும்போது இந்த எண்கள் திரும்பவும் வரும்.

மின்சாரத்தால் இயங்கும் ஒரு பம்ப் எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்கி டிஸ்க் பிரேக்கை இயக்கும் மூன்றாவது வகையும் உண்டு. பெரிய டிரெய்லர்களில்தான் இதைப் பார்க்கலாம். அப்படிப்பட்டதை வைத்திருப்பவர்கள், தாங்கள் வாங்கும் கன்ட்ரோலர் அந்த வகைக்கும் பொருந்தும் என்று அதன் கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

எடை போடுங்கள்

விற்பவர் சொன்ன எடையை நம்பாதீர்கள். அது வெறும் வண்டியின் எடை. தண்ணீர்த் தொட்டியில் 80 லிட்டர் நிரப்பினால் 80 கிலோ கூடும். அதன் மேல் கேஸ் தோம்பு, மின்கலம், கூடாரம், குளிர்பெட்டி, அரிசி, பாத்திரம் எல்லாம் ஏறும். எங்கள் பட்டணங்களுக்கு ஒரு வசதி உண்டு: செம்பனை ஆலைகளில் லோரிகளை நிறுக்கும் எடைமேடை. அனுமதி கேட்டு, வேலை நெரிசல் இல்லாத நேரத்தில், முழுச் சுமையோடு டிரெய்லரை மட்டும் மேடையில் நிறுத்தி எடை பாருங்கள். லோரி மேடை 10 கிலோ, 20 கிலோ படிகளில்தான் காட்டும் என்றாலும் நமக்கு அது போதும்.

அந்த எடையைப் பிக்-அப்பின் கையேட்டிலுள்ள இரண்டு எண்களோடு ஒப்பிடுங்கள். பிரேக் உள்ள டிரெய்லருக்கான இழுவைத் திறன் ஒன்று. பிரேக் இல்லாத டிரெய்லருக்கானது மற்றொன்று. இரண்டாவது எண் பல பிக்-அப்களில் 750 கிலோவாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவுக்கு மேல் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் இருக்க வேண்டும். டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். ஐரோப்பாவிலும் 750 கிலோவே எல்லை. நம் சாலைகளில் ஓட்டுவதற்கு டிரெய்லரின் பதிவு, இழுவைக் கொக்கியின் அனுமதி ஆகியவற்றைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பணம் செலவழித்த பிறகு கேட்பது வீண் அலைச்சல்.

கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்தல்

கன்ட்ரோலர்களில் அடிப்படையாக இரண்டு வகைகள் உள்ளன. முதல் வகை, பிரேக் விளக்கின் சைகை வந்ததும் நாம் முன்பே வைத்த அளவுவரை மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றும். மிதிகட்டையை மெல்லத் தொட்டாலும் வேகமாக மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். விலை குறைவு, பொருத்துவது எளிது, எந்தக் கோணத்தில் வைத்தாலும் பாதகமில்லை. ஆனால் பட்டண நெரிசலில் ஒவ்வொரு சிறு மிதிக்கும் டிரெய்லர் வெடுக்கென்று பின்னால் இழுக்கும். அவசரத்தில் முழுப் பிடிப்பு வருவதற்குள் சில நொடிகள் போய்விடும். மலைச்சாலைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வகை, தனக்குள் இருக்கும் உணரியால் வண்டி எவ்வளவு விரைவாக வேகம் குறைகிறது என்பதை அளந்து, அதற்கேற்ற அளவில் டிரெய்லருக்கு மின்சாரம் அனுப்பும். மெல்ல மிதித்தால் மெல்ல, அழுத்தி மிதித்தால் அழுத்தி. டெகோன்ஷா பி3, ப்ரைமஸ் ஐக்யூ, ஆஸ்திரேலிய நிறுவனமான ரெட்ஆர்க்கின் டோ-ப்ரோ எலைட் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. கேமரன் சாலையில் ஓட்ட நினைப்பவர் இதில் ஒன்றைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த வகைக்குள்ளும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் நாம் ஒரே சீரான வேகத்தில் மெதுவாக இறங்குகிறோம். அப்போது வேகம் குறைவதில்லை. ஆகவே உணரி, மிதி மிக லேசானது என்று எடுத்துக்கொண்டு டிரெய்லருக்குக் குறைவான மின்சாரத்தையே அனுப்பக்கூடும். டோ-ப்ரோ எலைட்டில், இப்படி அளந்து அனுப்பும் விகித முறையோடு, ஓட்டுநர் வைத்த அளவை அப்படியே அனுப்பும் இன்னொரு முறையும் இருக்கிறது. செம்மண் பாதையிலும் ஆற்றோரத்திலும் செங்குத்தான இறக்கத்திலும் அது உதவும். பி3 போன்றவற்றில் ஆரம்பப் பிடிப்பைக் கூட்டும் படிநிலைகள் உள்ளன. எதை வாங்கினாலும், மிதிகட்டையைத் தொடாமல் டிரெய்லருக்கு மட்டும் பிரேக் கொடுக்கும் கைவிசை ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் அமையுமா என்று இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டெகோன்ஷா பெட்டிகளைக் கண்ணுக்குத் தெரியும்படி, கையேடு சொல்லும் கோணத்துக்குள், வண்டியின் நீளவாக்குக்கு இணையாகப் பொருத்த வேண்டும். டோ-ப்ரோவில் பெட்டி மறைவிடத்தில் எந்தத் திசையிலும் இருக்கலாம். வெளியே அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகு குமிழ் மட்டும் தெரியும். பெட்டி தன் திசையைத் தானே கற்றுக்கொள்ளும் என்பதால், பொருத்திய பின் சிறிது தூரம் ஓட்டிப் பலமுறை பிரேக் பிடிக்க வேண்டும். 24 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் அந்த மின்னழுத்தத்துக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். வண்டியில் வயரிங் செய்ய விரும்பாதவர்களுக்கும், அண்ணன் தம்பி வண்டிகளை மாற்றி மாற்றி இழுக்கிறவர்களுக்கும், டிரெய்லர் பிளக்கில் செருகி கைப்பேசி வழியே அளவைக் கூட்டிக் குறைக்கும் கர்ட் எக்கோ போன்றவை உண்டு.

வயரும் இணைப்பும்: பெட்டியை விட முக்கியமான பகுதி

நல்ல கன்ட்ரோலரை வாங்கிவிட்டு மெலிந்த வயரைப் போடுவது, பெரிய தொட்டி கட்டிச் சிறிய குழாய் வைப்பதைப் போன்றது. வண்டியின் முன்புறத்திலிருந்து டிரெய்லரின் அச்சுவரை ஏறத்தாழ 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போவதற்கு 10, திரும்புவதற்கு 10. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 6 ஆம்பியர் ஓடும்போது இந்த 20 மீட்டரில் ஏறத்தாழ 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 12 ஆம்பியர் என்றால் 2.8 வோல்ட். இரட்டை அச்சு டிரெய்லரில் ஐந்தில் ஒரு பங்கு பிடிப்பு வயரிலேயே போய்விடுகிறது. 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு முறையே அரை வோல்ட்டும் ஒரு வோல்ட்டுமாகக் குறையும். ஒற்றை அச்சுக்கு 4, இரட்டை அச்சுக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயரைக் கேட்டு வாங்குங்கள். கடையில் உறையோடு சேர்த்த தடிமனைச் சொல்லி விற்பதும் உண்டு. செம்பின் குறுக்களவு எவ்வளவு என்று கேளுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் டிரெய்லருக்கு வயரிங் செய்த பட்டறையில், நீல வயரை வெட்டாமல் மேலேயே கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப்பால் இணைத்துக் கொடுத்தார்கள். எட்டு மாதம் எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு மழை நாளில் மலையிலிருந்து இறங்கும்போது, லாத்தா இஸ்கந்தாருக்குச் சற்று மேலே ஒரு வளைவில், யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதைப் போல இருக்கை என்னை முன்னால் உந்தியது. பின்னால் இருந்த என் மச்சான், “மாமா, டிரெய்லர் பிடிக்கலயே!” என்று கத்தினார். இரண்டாவது கியருக்கு இறக்கி, இன்ஜின் அலற அலற, அருவிக்கு முன்னாலுள்ள இடத்தில் வண்டியை நிறுத்தினேன். கிளிப்பைத் திறந்தபோது உள்ளே செம்பே தெரியவில்லை. பச்சைப் பொடிதான் இருந்தது. விரல் நுனியில் தேய்த்ததும் உதிர்ந்துவிட்டது. அன்று பிள்ளைகள் வண்டியில் இருந்தார்கள்.

ஆகவே இணைப்புகள் எல்லாவற்றையும், உரிய இடுக்கியால் அழுத்தும் செம்பு முனைகளால் செய்து, உள்ளே பசை பூசிய, சூடு பட்டால் சுருங்கும் குழாயால் மூடுங்கள். நம் ஊர் ஈரத்திலும் தோட்டச் சாலைச் சேற்றிலும் சாதாரண டேப் சுற்றியது ஓர் ஆண்டு தாங்காது.

பொருத்தும் முறை

முதலாவது, மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். ஸ்டியரிங்கின் கீழே மஞ்சள் நிறத்தில் தெரியும் வயர்களும் பிளக்குகளும் பெரும்பாலும் காற்றுப்பையைச் சேர்ந்தவை. அவற்றைத் தொடவே கூடாது. வயர்களைச் சோதிக்கப் பழைய விளக்கு டெஸ்டரைப் பயன்படுத்தாமல், மல்டிமீட்டரைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, பெட்டிக்கு இடம் பாருங்கள். வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நம் வண்டிகளில், ஓட்டுநரின் முழங்கால் இடிக்காத, இடது கை எட்டும் இடம் பெரும்பாலும் நடுப்பகுதியின் அருகில் கிடைக்கும். ஸ்குரூ போடும் முன் பலகையின் பின்னால் கைவிட்டு, வயர் கட்டோ ஏசிக் குழாயோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

மூன்றாவது, நான்கு வயர்கள். டெகோன்ஷா, ரெட்ஆர்க் ஆகிய இரண்டிலும் கறுப்பு மின்கலத்தின் நேர்முனைக்கும், வெள்ளை எர்த்துக்கும், சிவப்பு பிரேக் விளக்கின் சுவிட்சுக்கும், நீலம் டிரெய்லரின் பிரேக்குக்கும் உரியவை. வேறு பெட்டி என்றால் நிறத்தை நம்பாமல் கையேட்டைப் பாருங்கள்.

கறுப்பு வயரை ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுக்கக் கூடாது. நேராக மின்கலத்துக்கே கொண்டுபோய், மின்கலத்துக்கு ஒரு முழத்துக்குள், தானாக மீளும் சர்க்கிட் பிரேக்கர் ஒன்றை வையுங்கள். கேம்பிங் டிரெய்லருக்கு 20 அல்லது 30 ஆம்பியர், கன்ட்ரோலரின் கையேடு சொல்வது எதுவோ அது. சாதாரண ஃபியூஸ் எரிந்தால் மலையிறக்கத்தில் பிரேக் முற்றிலும் போய்விடும். தானாக மீள்வது குளிர்ந்ததும் திரும்ப வேலை செய்யும். தீத்தடுப்புச் சுவரைத் துளைத்து வயரைக் கொண்டுபோகும்போது துளையில் ரப்பர் வளையம் பொருத்துங்கள். ஏற்கெனவே உள்ள வளையத்தின் வழியே செல்ல முடிந்தால் அதுவே சிறந்தது.

வெள்ளை வயரில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கைக்கு எட்டிய ஏதோ ஒரு ஸ்குரூவில் மாட்டினால் வண்டி நிற்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். பிரேக் பிடிக்கும்போதுதான் பெட்டி தடுமாறும். கறுப்பின் அதே தடிமனில் ஒரு வயரை மின்கலத்தின் எதிர்முனை வரை கொண்டுபோங்கள். எதிர்முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சிறிய உணரி இருக்கும் புதிய வண்டிகளில், அந்த உணரிக்கு மறுபுறம், வண்டியின் சட்டத்தில் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் எர்த் புள்ளியில் இணைக்க வேண்டும்.

சிவப்பு வயருக்கு, மிதிகட்டையின் மேல்புறத்தில் உள்ள சுவிட்சைத் தேடுங்கள். இதற்கு மட்டும் மின்கலத்தைத் தற்காலிகமாக மீண்டும் இணைக்க வேண்டியிருக்கும். மிதிக்காதபோது பூஜ்யமும், மிதித்தால் 12 வோல்ட்டும் காட்டும் வயர்தான் நமக்கு வேண்டியது. எப்போதும் 12 வோல்ட் இருக்கும் வயரில் மாட்டினால் ஓட்டுநர் மிதிக்காமலேயே பெட்டி விழித்துக்கொண்டிருக்கும். சில புதிய வண்டிகளில் இந்தச் சுவிட்ச் வெறும் சைகையை மட்டுமே கணினிக்கு அனுப்பும். அப்படி இருந்தால், பின்புற பிரேக் விளக்குக்குப் போகும் வயரிலிருந்து சைகையை எடுக்க வேண்டும். உங்கள் வண்டிக்கென்றே செய்த பிளக் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது அதையே வாங்குங்கள். சுவிட்ச் வயரை வெட்டாமல் வேலை முடியும்.

நீல வயர் வண்டியின் பின்புறம் வரை செல்கிறது. அதை நெளிவுக் குழாய்க்குள் இட்டு, சட்டத்தின் உட்புறமாக, புகைக்குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோங்கள். அரை முழத்துக்கு ஒரு கேபிள் டை போதும். இது வேறெந்த வயரோடும் சேரக் கூடாது. எர்த்தில் பட்டாலோ மின்கலத்தின் நேர்முனையில் பட்டாலோ பெட்டி கெட்டுப்போகும்.

நான்காவது, சாக்கெட். ஆஸ்திரேலிய முறையிலான தட்டையான ஏழு முனைச் சாக்கெட்டில் ஐந்தாம் முனை பிரேக்கின் நீலத்துக்கும், மூன்றாம் முனை வெள்ளை எர்த்துக்கும் உரியவை. ஐரோப்பிய முறையிலான வட்டச் சாக்கெட்டுகளில் மின் பிரேக்குக்கென்று முனை கிடையாது. அந்தச் சாக்கெட் இருந்தால் மாற்றிவிடுங்கள். எர்த் முனைக்கும் நீலத்தின் அதே தடிமனில் வயர் போட்டு, வண்டியின் சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய சுத்தமான இடத்தில் இறுக்குங்கள். கொக்கியின் குண்டு வழியாக எர்த் கிடைக்கும் என்று நினைப்பது தவறு. அங்கே கிரீஸும் துருவும்தான் இருக்கின்றன.

ஐந்தாவது, கழன்றால் பிடிக்கும் சுவிட்ச். டிரெய்லரின் மூக்கில் ஒரு சிறிய மின்கலமும், மெல்லிய கம்பிக்கயிறு கட்டிய ஓர் ஊசியும் இருக்கும். டிரெய்லர் கழன்றால் கயிறு ஊசியை இழுக்கும். மின்கலம் முழு மின்சாரத்தையும் பிரேக்குக்கு அனுப்பும். கயிற்றைக் கொக்கியின் குண்டிலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ மாட்டாமல், பிக்-அப்பின் உறுதியான பகுதியில் தனியே மாட்டுங்கள். இதைச் சோதிக்கும்போது ஏழு முனைப் பிளக்கை முதலில் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் மின்சாரம் பின்னோக்கி வந்து கன்ட்ரோலரைத் தாக்கும். நிறுத்திவைக்கும்போது இதைக் கைப்பிரேக்காகப் பயன்படுத்தவே கூடாது. காந்தம் சூடேறும், மின்கலமும் இறங்கிவிடும். டிரெய்லரை நிறுத்த, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பதே முறை.

ஓட்டுவதற்கு முன் சோதனை

பிளக்கைச் செருகியதும், டிரெய்லர் இணைந்திருப்பதைப் பெட்டி காட்ட வேண்டும். அதன்பின் ஒருவர் கைவிசையை அழுத்த, மற்றவர் சக்கரத்தின் அருகே குனிந்து காதை வைத்தால், டிரம்முக்குள் மெல்லிய ரீங்காரம் கேட்கும். பெட்டி மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புவதன் ஒலி அது. காது கேட்காதவர் ஒரு சாதாரணத் திசைகாட்டியை டிரம்மின் அருகே பிடிக்கலாம். காந்தம் உயிர்பெற்றால் முள் திரும்பும். ஒவ்வொரு சக்கரத்திலும் இதைச் செய்து பாருங்கள்.

இன்னும் உறுதியாக அறிய வேண்டுமானால், பிளக்கைக் கழற்றி, டிரெய்லர் பக்கத்து நீல முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே மின்தடையை அளக்கலாம். ஒரு காந்தத்துக்கு 3 முதல் 4 ஓம் வரை இருக்கும். இரண்டு காந்தங்கள் இணையாக இருப்பதால் ஒற்றை அச்சில் 1.6 ஓம் அளவும், இரட்டை அச்சில் 0.8 ஓம் அளவும் காட்ட வேண்டும். ஒற்றை அச்சில் 3 ஓமுக்கு மேல் காட்டினால் ஒரு பக்கம் பிடிக்கவில்லை என்று அறியலாம். அப்படிப்பட்ட டிரெய்லர் அவசரத்தில் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும்.

ஷூக்களைச் சரிசெய்தலும் பழக்குதலும்

புதிய பெட்டி பொருத்திய மகிழ்ச்சியில் டிரம்மின் உள்ளே பார்க்க மறந்துவிடுகிறார்கள். ஷூக்கள் டிரம்மிலிருந்து அதிகம் விலகியிருந்தால் எவ்வளவு மின்சாரம் அனுப்பினாலும் பயனில்லை. டிரெய்லரை ஜாக்கியால் தூக்கி, கீழே தாங்கி வைத்து, பின்தட்டின் அடியிலுள்ள துளை வழியாகப் பற்சக்கரத்தைத் திருப்புங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றுவது மிகக் கடினமாகும் வரை இறுக்கிவிட்டு, ஏறத்தாழ பத்துப் பற்கள் பின்வாங்குங்கள். சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும்; ஆனால் லைனிங் லேசாக உரசும் ஓசை மட்டும் கேட்க வேண்டும். முதல் 300 கிலோமீட்டர் ஓட்டிய பின் ஒருமுறையும், அதன்பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் இதைச் செய்யுங்கள்.

புதிய லைனிங்கைப் பழக்குவதற்கு, வண்டிகள் குறைந்த நேரான சாலை வேண்டும். விடியற்காலையில் 65 கிலோமீட்டர் வேகத்தில் போய், கைவிசையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்து 30 கிலோமீட்டருக்குக் குறையுங்கள். பிறகு டிரம் குளிரும்படி சிறிது தூரம் சும்மா ஓட்டுங்கள். இப்படி 20 முதல் 30 முறை. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் இதைச் செய்யாத லைனிங்கின் பிடிப்பு, செய்ததன் பிடிப்புக்குக் கிட்டே வராது.

அளவை வைத்தல்

முழுச் சுமையோடு, காய்ந்த தார்ச்சாலையில், 40 கிலோமீட்டர் வேகத்தில் கைவிசையை முழுமையாக அழுத்துங்கள். டிரெய்லர் வண்டியைப் பின்னோக்கி இழுப்பதை உணர வேண்டும், ஆனால் அதன் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளக் கூடாது. சாலையோரம் நிற்கும் ஒருவர் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னால் நல்லது. பூட்டிக்கொள்ளும் அளவைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு படி குறைத்து வையுங்கள். அந்த எண்ணை ஸ்டியரிங்கின் அருகே ஒட்டிவையுங்கள். டிரெய்லர் காலியாக வரும்போதும், மழையில் நனைந்த சாலையிலும், தோட்டத்துச் செம்மண் பாதையிலும் அந்த அளவு மிக அதிகம், குறைத்துக்கொள்ள வேண்டும். ஆற்றோரம் முகாமிட்டுத் தண்ணீரில் சக்கரம் நனைந்திருந்தால், கிளம்பியதும் மெதுவாக ஓட்டியபடி கைவிசையால் சிலமுறை பிடித்து டிரம்மை உலர்த்துங்கள்.

டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால், பிக்-அப்பின் பிரேக்கை மிதிக்காதீர்கள். முடுக்கியிலிருந்து காலை எடுத்து, கைவிசையால் டிரெய்லருக்கு மட்டும் பிரேக் கொடுங்கள். பின்னாலிருந்து இழுபட்டதும் டிரெய்லர் நேராகிவிடும். அளவுக்கு மீறி ஆடுகிற டிரெய்லரில் சுமை பின்புறம் குவிந்திருக்கும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்தும்படி சாமான்களை மாற்றி அடுக்குங்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே, அல்லது அதற்கும் ஒன்று கீழே, இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து லேசாக மிதித்துக்கொண்டே வராமல், வேகம் கூடியதும் அழுத்திப் பிடித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். ரிங்லெட்டிலும் அருவிக்கு அருகிலும் வண்டியை ஓரங்கட்டி, சக்கரங்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடத் தேவையில்லை. டிரெய்லரின் டிரம்கள் சூடாகவும் பிக்-அப்பின் சக்கரங்கள் ஏறத்தாழ அதே சூட்டிலும் இருந்தால் இருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். டிரெய்லர் சில்லென்றும் பிக்-அப் கொதித்துக்கொண்டும் இருந்தால் கன்ட்ரோலரின் அளவைக் கூட்டுங்கள். டிரெய்லரின் ஒரு டிரம் மட்டும் சில்லென்று இருந்தால், கீழே தாப்பாவுக்கு வந்ததும் அந்தச் சக்கரத்தின் வயரைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.